கம்பு கைநழுவும்போது: கோலாலம்பூரில் சிலம்பம் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் சிலம்ப வகுப்பில் சேர நினைக்கும் பெரியவர்களும், பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கும் பெற்றோரும் கேட்பவை இவை. பாதிப் பேர் "மனசு கொஞ்சம் உறுதியாகணும்" என்று சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். அதனால் கம்பு, காலடி, காயம் பற்றிச் சொல்லும்போதே அந்த உறுதி பயிற்சியில் எந்த இடத்தில் உண்டாகிறது, எந்த இடத்தில் உண்டாகாது என்பதையும் சேர்த்திருக்கிறோம். காலடிக்கும் வீச்சுக்கும் கூடத்துக்குக் கூடம் பெயர் மாறும். உங்கள் ஆசான் வேறு பெயர் சொன்னால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

சிலம்பம் கற்றால் மன உறுதி வரும் என்கிறார்களே, நிஜமா?

வரும். எதிலிருந்து வருகிறது என்பதில்தான் குழப்பம். வேகமாகச் சுற்றத் தெரிந்துவிட்டால் தைரியம் தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பயிற்சியில் மனம் பழகும் இடம் வேறு: கம்பு கையை விட்டு விழுந்த பிறகு வரும் ஐந்து நொடிகள்.

முதல் மாதத்தில் ஒரு வகுப்புக்குள் இருபது முப்பது முறை கம்பு விழும். சிமெண்டுத் தரையில் பிரம்பு விழுந்தால் மண்டபம் முழுக்கக் கேட்கும். முகம் சூடாகும். அப்போது ஒருவர் சிரித்துக்கொண்டே சுற்றிப் பார்ப்பார், இன்னொருவர் மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்பார், மூன்றாமவர் எரிச்சலில் முதலிலிருந்து ஆரம்பிப்பார். மூவருக்கும் கவனம் கம்பிலிருந்து நகர்ந்து, யார் பார்க்கிறார்கள் என்பதில் போய் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக இதைச் செய்யுங்கள்:

பாதம் எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்கட்டும். தலையைத் திருப்பாமல், முதுகை வளைக்காமல், முட்டியை மடக்கி இறங்கி, எந்தக் கையிலிருந்து விழுந்ததோ அந்தக் கையால் எடுங்கள். நிலைக்கு வந்து ஒரு மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். பிறகு, மற்றவர்கள் எந்த எண்ணில் இருக்கிறார்களோ அதற்கு அடுத்த எண்ணில் சேர்ந்துகொள்ளுங்கள்.

அந்தக் கடைசிப் படிதான் பலருக்குக் கசக்கும். விழுந்த ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து தொடங்குபவருக்கு முதல் எட்டு எண்ணிக்கை பளிச்சென்று இருக்கும், கடைசி எட்டு வரவே வராது. நடுவில் சேரப் பழகியவர் மூன்று மாதத்தில் முழு வரிசையையும் முடித்துவிடுவார்.

இதைத் தனிப் பாடமாகவே வைக்கலாம். இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் சுற்றும்போது மற்றவர் சொல்லாமல் கொள்ளாமல் கம்பைத் தட்டிவிட வேண்டும். ஆளுக்குப் பத்து முறை, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

கம்பு செய்யாததையும் சொல்லிவிடுகிறோம். கடன், குடும்பச் சண்டை, வேலையிடத் தொல்லை எதையும் அது தீர்க்காது. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலையில் இருப்பவருக்கு முதலில் தேவை கிளினிக். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. பயிற்சி கூடவே நடக்கலாம், மருத்துவத்தின் இடத்தைப் பிடிக்கக் கூடாது.

வயது 45 ஆகிவிட்டது. இனி தொடங்கலாமா?

தாராளமாக. சிலம்பத்தில் உயர உதையும் தரையில் விழுவதும் தொடக்கப் பாடத்தில் இல்லை என்பதால், தாமதமாகத் தொடங்குபவருக்கு இது மற்ற பல கலைகளைவிட ஒத்துவரும். இடுப்பையும் முட்டியையும்விடத் தோளும் மணிக்கட்டும்தான் முதலில் முறையிடும்.

சேருவதற்கு முன் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். 2023 தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர் சர்க்கரை நோயாளி, நம்மவர்களிடையே அது இன்னும் அதிகம். சர்க்கரை உள்ளவர் வெறுங்காலில் பயிற்சி செய்ய வேண்டாம். பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் சிமெண்டில் உரசிய புண் இரண்டு நாள் கழித்துத்தான் தெரியவரும். மெல்லிய, தட்டையான அடிப்பாகம் உள்ள காலணி போதும். மரபுப்படி வெறுங்கால்தான் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால் வேறு வகுப்பு பாருங்கள்.

இன்சுலினோ, சர்க்கரையைக் கீழே இறக்கும் மாத்திரையோ எடுப்பவர் பையில் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைப் பொட்டலமாக வைத்திருக்க வேண்டும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத எரிச்சல் தெரிந்தால் உடனே தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு 15 நிமிடம் உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவர் அவசரத்தில் '100 பிளஸ்' நீட்டுவார். அதில் 'ஜீரோ' வகை என்றால் இந்த வேளைக்கு உதவாது.

பிள்ளைகளுக்கு எந்த வயது சரி?

ஆறு ஏழு வயதில் காலடியும் விளையாட்டும், ஒன்பது பத்தில் ஒழுங்கான கம்பு வரிசை, இருவர் மோதும் பயிற்சி அதற்கும் பிறகு. ஐந்து வயதுப் பிள்ளை கம்பு சுற்றும் காணொளியைக் காட்டி உங்கள் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள்.

எப்படிப்பட்ட கம்பு வாங்குவது?

நீளம்: வெறுங்காலில் நேராக நின்று, தரையிலிருந்து புருவ மத்தி வரை. 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு 150 முதல் 155 செ.மீ. வரும். சில கூடங்கள் நெற்றி வரை கேட்கும். அதைவிட நீளமானால் தொடக்கத்தில் நுனி தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும்.

தடிமன்: கம்பை மூடிப் பிடித்தால் நடுவிரல் நுனி, கட்டைவிரல் மேட்டை லேசாகத் தொட வேண்டும். பெரியவருக்கு 2 முதல் 2.5 செ.மீ., பிள்ளைகளுக்கு 1.5 முதல் 2 செ.மீ. இந்த அளவுள்ள ரோத்தான் (பிரம்பு) கம்பு 300 முதல் 400 கிராம் இருக்கும். கனம் கூடினால் பலம் கூடும் என்று நினைத்துப் பெரிய கம்பு வாங்குபவருக்கு மூன்றாம் வாரத்தில் மணிக்கட்டு வீங்கும்.

பொருள்: இந்த ஊரில் ரோத்தான் எளிதாகக் கிடைக்கிறது, அதுவே நல்லது. மூங்கில் உள்ளே பொள்ளல். வெடித்தால் கத்திபோன்ற சிம்பு நீட்டிக்கொண்டு நிற்கும். ரோத்தான் உள்ளே நார் நிறைந்தது, அடிபட்டால் நாராகப் பிரியுமே தவிர உடைந்து பறக்காது. இருவர் மோதும் பயிற்சிக்கு மூங்கில் வேண்டாம் என்பது இதனால்தான். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் பிவிசி குழாயும் திரைச்சீலை அலுமினியக் கம்பியும் கம்பாகாது. முன்னது வளைந்து வளைந்து ஒருநாள் கூர்மையாக உடையும், பின்னதன் விளிம்பு தோலைக் கிழிக்கும்.

ரோத்தான் ஒரு முனையில் சற்றுப் பருத்திருக்கும். கம்பை ஒரு விரலில் நிறுத்திப் பார்த்து, சமநிலை நிற்கும் இடத்தைச் சுற்றி ஒரு வரி டேப் ஒட்டுங்கள். அது அளவுநாடா காட்டும் நடுவிலிருந்து ஓரிரு செ.மீ. தள்ளித்தான் இருக்கும். கையை அங்கே வையுங்கள். இரு முனைகளிலும் 5 செ.மீ. நீளத்துக்குத் துணி டேப் சுற்றினால் நார் பிரிவது குறையும். மாதம் ஒருமுறை நான்கைந்து சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, மறுநாள் எடுங்கள். அன்றே எடுத்தால் வழுக்கும்.

கோணிவிட்டால் தூக்கி எறிய வேண்டியதில்லை. கோணல் உள்ள இடத்தைக் கொதிக்கும் தண்ணீரின் ஆவியில் சில நிமிடம் காட்டி, துணியால் பிடித்து எதிர்ப்பக்கம் மெல்ல வளைத்து, ஆறும்வரை அப்படியே பிடித்திருந்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

வீட்டில் செய்யலாமா? எங்கே, எத்தனை மணிக்கு?

கை நீட்டிக் கம்பையும் பிடித்தால் உங்களைச் சுற்றி இரண்டேகால் மீட்டர் வேண்டும். அதாவது குறைந்தது நான்கரை மீட்டர் அகலத் தரை. இணைவீட்டின் கூடத்தில் அது கிடைக்காது, மேலே விசிறி வேறு. கார் நிறுத்தும் முன்வாசலில் காரை வெளியே எடுத்துவிட்டுக் காலடி மட்டும் பழகலாம். அடுக்குமாடி நடைபாதையில் கம்பே எடுக்காதீர்கள், யாராவது கதவைத் திறந்துகொண்டு வருவார்கள்.

தித்திவங்சா ஏரிப்பூங்கா போன்ற திறந்த புல்வெளிகள் காலை 7 மணியிலிருந்து 8.30 வரை நன்றாக இருக்கும். பத்து மணி வெயிலில் பழகுவது மன உறுதிப் பயிற்சி ஆகாது, தலைசுற்றல்தான் மிஞ்சும். 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் முதல் முக்கால் டம்ளர் தண்ணீர் குடியுங்கள். ஏடிஸ் கொசு விடியலிலும் அந்தி நேரத்திலும் கடிக்கும் என்பதால் காலுக்குக் கொசு மருந்து பூசுவீர்கள். பூசிய உள்ளங்கையைத் துடைக்காமல் கம்பைப் பிடித்தால் அது அடுத்தவர் மேல் பறக்கும்.

மாலை நேரத்தில் இடிமழை இந்த ஊரின் வழக்கம். இடிச் சத்தம் கேட்டதும் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விடுங்கள், மரத்தடியும் பூங்காக் கொட்டகையும் பாதுகாப்பல்ல. கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திருங்கள். புகைமூட்டக் காலத்தில் ஐ.பி.யு. என்று செய்தியில் சொல்லும் காற்றுக் குறியீடு 100ஐத் தாண்டினால் பள்ளிகள் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்துகின்றன. அதே கோட்டை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று மாதம் என்ன செய்வோம்?

வாரம் மூன்று நாள், நாளுக்கு 40 முதல் 45 நிமிடம். கம்பு எடுத்த பிறகு ஒரு நாள் இப்படிப் போகும்: உடல் சூடேற்ற எட்டு நிமிடம், காலடி பத்து, கம்பு பதினைந்து, கம்பு விழும் பயிற்சி ஐந்து, தளர்த்தல் ஐந்து.

முதல் இரண்டு வாரம் காலடி மட்டும். தரையில் சாக்பீஸால் ஒரு முக்கோணம் வரையுங்கள், பக்கத்துக்கு 60 முதல் 70 செ.மீ., ஒரு முனை உங்களுக்கு முன்னால் இருக்கட்டும். வலக்கால் முன்முனையில், இடக்கால் பின்னால் இடமுனையில். பின் வலமுனை காலி. 'ஒன்று' என்றதும் வலக்கால் பின்வாங்கிக் காலி முனைக்கு வரும். 'இரண்டு', இடக்கால் முன்முனைக்குப் போகும். 'மூன்று', இடக்கால் தன் பழைய இடத்துக்கே திரும்பும். 'நான்கு', வலக்கால் முன்னால் போகும். இப்போது தொடங்கிய நிலையிலேயே நிற்பீர்கள். ஒரு தடவைக்கு இருபது சுற்று, மூன்று தடவை.

இதில் நடக்கும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: கால் மாறும்போது தலை ஏறி இறங்கும். முட்டி நிமிர்ந்துவிட்டது என்று அர்த்தம். கைப்பேசியை இடுப்புயரத்தில் வைத்துப் படம்பிடித்தால் உடனே தெரியும். முன்காலின் குதிகால் ஒரு தாள் நுழையும் அளவுக்குத் தூக்கியிருந்தால் போதும், அதற்கு மேல் தூக்கினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாம் வாரத்திலிருந்து ஐந்தாம் வாரம் வரை நின்ற இடத்தில் கம்பு வீச்சு: கைக்கு இருபது, மூன்று தடவை, இடையில் முக்கால் நிமிட ஓய்வு. இடக்கைக்கும் அதே கணக்கு. இடக்கை முரண்டு பிடிக்கிறது என்று வலக்கைக்கே கொடுத்துக்கொண்டிருந்தால் இரட்டைக் கம்புக்குப் போகும்போது திரும்பவும் ஒன்றாம் வகுப்பில் உட்கார வேண்டிவரும்.

ஆறாவது வாரத்தில் காலும் கையும் சேரும். வகுப்பில் ஆள் குறையும் வாரமும் அதுதான். ஐந்தாம் வாரம் அழகாகச் சுற்றியவருக்கு இப்போது கால் வந்தால் கை நிற்கும், கை வந்தால் கால் பின்னிக்கொள்ளும். "எனக்கு இது வராது போல" என்ற பேச்சு இங்கேதான் தொடங்கும். இரண்டு தனித்தனி வேலைகளை ஒரே தாளத்துக்குக் கொண்டுவரும்போது இரண்டும் கொஞ்ச காலம் கெடத்தான் செய்யும், அதனால் பதற ஒன்றுமில்லை. வேகத்தைப் பாதியாக்குங்கள். கைப்பேசியில் தாளம் தட்டும் செயலி இருந்தால் நிமிடத்துக்கு 40 என்று வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு காலடி, ஒரு வீச்சு. இரண்டு வாரம் போதும். ஆறாம் வாரம் இப்படித்தான் இருக்கும் என்று முதல் நாளே சொல்லிவைக்கும் ஆசானிடம் ஆள் குறைவது குறைவு.

ஒன்பதாம் வாரத்துக்கு மேல் எதிரே ஆள் வைத்து அடி, தடுப்பு. முதலில் எந்த அடி வரும் என்று இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எட்டு வீச்சு எனக்கு வரவே இல்லை. ஏன்?

கம்பின் சமநிலை இடத்தைப் பிடித்து, நுனி இடப்பக்கம் இறங்கிப் பின்னால் போய் மேலேறி, உடலைக் கடந்து வலப்பக்கம் இறங்கி மறுபடி மேலேற வேண்டும். எதிரே நின்று பார்ப்பவருக்குக் காற்றில் படுத்த எட்டாகத் தெரியும்.

வராததற்குக் காரணம் பெரும்பாலும் பிடி. ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு திரும்பாது, அந்த வேலையை முழங்கையும் தோளும் எடுத்துக்கொள்ளும், கம்பு காதோரம் வந்து மோதும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு வளையம்போல் பிடிக்கட்டும், மற்ற மூன்று விரல்கள் கம்பு திரும்பும்போது திறந்து மூடட்டும். முழங்கை விலாவிலிருந்து ஒரு சாண் தூரத்தைத் தாண்டக் கூடாது. சந்தேகமிருந்தால் அக்குளில் ஒரு சுருட்டிய துண்டை இடுக்கிக்கொண்டு சுற்றிப் பாருங்கள். துண்டு விழுந்தால் முழங்கை பறக்கிறது.

இரண்டாவது காரணம் கண். கம்பைப் பார்த்துக்கொண்டே சுற்றினால் கழுத்து கூடவே ஆடும். எதிர்ச்சுவரில் மார்புயரத்தில் ஒரு புள்ளி வைத்து அதைப் பாருங்கள்.

சரியா என்று அறியக் காதைத் தீட்டுங்கள். வீச்சு ஒழுங்காக இருந்தால் 'விஷ்… விஷ்' என்று இடப்பக்க ஒலியும் வலப்பக்க ஒலியும் ஒரே அளவில் வரும். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் அந்தப் பக்கத்தில் மணிக்கட்டு முழுதாகத் திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, சுற்றிலும் ஆளில்லாத இடத்தில், பத்துச் சுற்று கேட்டுப் பாருங்கள்.

கொப்புளம், வீக்கம், தலையில் அடி: எதற்கு என்ன செய்வது?

கையில் கொப்புளம் கம்பெடுத்த இரண்டாம் வாரம் வரும், உரிக்காதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவி, காயவிட்டு, டேப் ஒட்டித் தொடரலாம். உடைந்து ஈரம் கசிந்தால் ஓரிரு நாள் காலடி மட்டும்.

மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் வலித்தால் இரண்டு மூன்று நாள் கம்பை விடுங்கள், திரும்பி வந்து பாதி எண்ணிக்கை. கையை ஊன்றி விழுந்த பிறகு கட்டைவிரலின் அடிக்குழியில் அழுத்தினால் வலித்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அந்த இடத்துச் சிறு எலும்பு முறிந்தாலும் வெளியே வீக்கம் பெரிதாகத் தெரியாது.

விரல் மூட்டில் அடிபட்டால் முதல் வேலை மோதிரத்தைக் கழற்றுவது. ஐந்து நிமிடம் கழித்து வீங்கினால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். பிறகு துணியில் சுற்றிய ஐஸ், 15 நிமிடம்.

தலையில் அடிபட்டவர் "ஒன்றுமில்லை" என்றாலும் அன்று பயிற்சி முடிந்தது. தலைவலி, குமட்டல், கேட்டதையே திரும்பக் கேட்பது, தள்ளாட்டம் இருந்தால் அன்றே மருத்துவரிடம். வாந்தி தொடர்ந்தாலோ, நினைவு தப்பினாலோ, எழுப்ப முடியாத தூக்கமானாலோ 999. மருத்துவர் சொல்லும்வரை மோதும் பயிற்சி கிடையாது. இதில் வீரம் பேசும் ஆசானை நம்ப வேண்டாம்.

எதிரே ஆள் நின்றாலே கை நடுங்குகிறது. தொடுமுறைப் பயிற்சி (எதிராளியோடு மோதுவது) அவசியமா?

போட்டிக்குப் போக வேண்டும் என்பதில்லை, ஆனால் எதிராளி இல்லாமலே பழகினால் பயத்தோடு பழகாமலே இருப்பீர்கள். பயத்தைச் சின்னச் சின்ன அளவில் கொடுக்க வேண்டும். ஒரேயடியாகக் கொடுத்தால் ஆள் திரும்பி வரமாட்டார்.

முதல் படி, நீச்சல்குளத்தில் மிதக்கப் பயன்படுத்தும் நுரைக்குழாயைக் கம்பின் மேல் மாட்டி, தோளிலும் தொடையிலும் மட்டும் தொட விடுவது. பட்டால் வலிக்காது என்று உடம்புக்குத் தெரிந்த பிறகு கண் சிமிட்டுவது குறையும். இரண்டாம் படி, ஒரே ஒரு அடி, எப்போது வரும் என்று மட்டும் தெரியாது. மூன்றாம் படி, இரண்டு அடிகளில் ஏதோ ஒன்று வரும். நான்காம் படியில்தான் விருப்பம்போல் மோதுவது: முப்பது நொடி மோதல், ஒன்றரை நிமிட ஓய்வு, ஆறு சுற்றுக்கு மேல் வேண்டாம். முகக்கம்பி உள்ள தலைக்கவசம், கையுறை, மார்புக்கவசம், முழங்கால் கீழ்க்காப்பு, ஆண்களுக்கு அடிவயிற்றுக் காப்பு இல்லாமல் நான்காம் படி கிடையாது. 'போதும்' என்று யார் சொன்னாலும் இருவரும் கம்பைத் தரைக்கு இறக்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது.

நடுக்கத்துக்கு: சுற்று தொடங்கும் முன் நான்கு எண்ணி மூச்சை உள்ளே இழுத்து ஆறு எண்ணி வெளியே விடுங்கள், ஐந்து முறை. மோதும்போது பெரும்பாலோர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள், இருபதாவது நொடியில் தோள் கல்லாகிவிடும். ஒவ்வொரு அடிக்கும் வாயால் சத்தமாக மூச்சை விட்டால் பிடிக்க முடியாது. பழைய ஆட்கள் அடிக்கும்போது குரல் கொடுப்பதில் இந்தப் பயனும் உண்டு.

கெடுப்பவை இரண்டு. புதியவரிடம் வித்தை காட்டும் மூத்த மாணவர் ஒருவர். ஓரத்தில் நின்று "அடிடா அவன!" என்று கத்தும் அப்பா இன்னொருவர்.

பையன் முன்கோபக்காரன். சேர்த்தால் இன்னும் முரடாகிவிடுவானா?

வகுப்பைப் பொறுத்தது. அடித்தவனைப் பாராட்டி, அடிவாங்கியவனைக் கேலி செய்யும் வகுப்பில் கோபம் கூடும். கம்பை நீட்டி எதிராளியின் தோளுக்கு ஒரு விரல்கடை முன்னால் நிறுத்தச் சொல்லும் பயிற்சி நடக்கிறதா என்று பாருங்கள். பத்து வீச்சு, பத்திலும் படாமல் நிறுத்த வேண்டும், பட்டால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போகும். கோபக்காரப் பிள்ளைக்கு இது மிகக் கடினம், அதனாலேயே பொருத்தம். பள்ளியில் கைநீட்டினால் இரண்டு வாரம் கம்பு கிடையாது, வகுப்புக்கு வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்ற விதியைப் பெற்றோரும் ஆசானும் முதலிலேயே பேசிவைப்பது நல்லது.

பெண்கள் கவனிக்க வேண்டியது?

பின்னலைக் கொண்டையாகக் கட்டுங்கள், தொங்கும் பின்னலில் கம்பு சிக்கும். வளையல், தொங்கட்டான், மூக்குத்தி கழற்ற வேண்டும், கழற்ற முடியாத மூக்குத்திக்கு மேல் சிறு டேப். தாலியைக் கழற்ற விருப்பமில்லாதவர் இறுக்கமான உள்பனியனுக்குள் விட்டு, துணியோடு சேர்த்து ஊசி குத்தாமல் டேப் ஒட்டிக்கொள்ளலாம். மற்றபடி பயிற்சியில் வித்தியாசம் எதுவும் இல்லை.

சிலம்பம்தானா? தேக்குவாண்டோ, கராத்தே, சீலாட் கூடாதா?

நன்றாகக் கூடும். தேக்குவாண்டோவுக்கு இந்த ஊரில் நீண்ட வேர் உண்டு: அந்தக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான சோய் ஹொங் ஹீ 1960களின் தொடக்கத்தில் இங்கே தென்கொரியத் தூதராக இருந்தவர். கராத்தேயில் ஆசிய விளையாட்டுத் தங்கம்வரை போன சி. ஷாமளாராணி நம்மிடையே இருக்கிறார். சீலாட் 2019இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. விழுவதற்கு அஞ்சுபவருக்கு யூடோவைவிட நல்ல மருந்து கிடையாது, அங்கே முதல் பாடமே விழுவதுதான். வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் போகக்கூடிய நல்ல ஆசான் எந்தக் கலையில் இருக்கிறாரோ அதில் சேருங்கள். தூரம் கூடினால் மூன்றாம் மாதம் வருகை குறையும்.

ஆசானை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். பார்க்க விடவில்லை என்றால் அங்கேயே முடிவு தெரிந்துவிட்டது. மாணவர்களிடையே கம்பின் நீளத்தைப்போல் இருமடங்கு இடைவெளி இருக்கிறதா? முதலுதவிப் பெட்டி கண்ணில் படுகிறதா? ஒரு பிள்ளை அழுதால் யார் பக்கத்தில் போகிறார்கள்? தப்புச் செய்த பிள்ளையைக் கம்பால் தட்டுகிறாரா? தட்டினால் வேண்டாம், 'செல்லமாக' என்றாலும் வேண்டாம்.

சங்கம் 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவானதா, பயிற்றுநர் எஸ்.பி.கே.கே. எனும் தேசியப் பயிற்றுநர் சான்றிதழ் வைத்திருக்கிறாரா என்று கேட்கலாம். கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ளாதவர் நல்ல ஆசான். பிள்ளையைத் தனியே அழைத்துப் பயிற்சி, பெற்றோருக்குத் தெரியாத வாட்சாப் பேச்சு இவற்றுக்கு இடமே கொடுக்காதீர்கள். சந்தேகம் வந்தால் தாலியான் காசே உதவி எண் 15999.

பெல்ட் தருவார்களா?

சில கூடங்கள் தருகின்றன. பழைய சிலம்பத்தில் பெல்ட் இல்லை. கறுப்பு பெல்ட் 1880களில் ஜப்பானில் யூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவின் காலத்து வழக்கம். பிள்ளைகளுக்கு நிறம் மாறுவது உற்சாகம்தான். இரண்டு மாதத்துக்கு ஒரு தேர்வு, ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உறுதி கூடுகிறதா என்று எப்படித் தெரியும்?

ஒரு சின்ன நோட்டில் வகுப்பு முடிந்ததும் மூன்று எண்கள் எழுதுங்கள்: கம்பு எத்தனை முறை விழுந்தது, திரும்பச் சேர எத்தனை எண்ணிக்கை ஆனது, வர மனமில்லாத நாளில் வந்தீர்களா என்பதற்கு ஒன்று அல்லது பூஜ்யம். முதல் எண் மெதுவாகத்தான் குறையும், புதிய வீச்சு வந்ததும் மறுபடி ஏறும். இரண்டாவது எண் எட்டிலிருந்து மூன்றுக்கு வந்தால் பயிற்சி வேலை செய்கிறது.

தைப்பூச விரதத்தில் தொடரலாமா?

சைவ விரதத்தில் தொடரலாம். புரதத்துக்குத் தெம்பே (புளிக்கவைத்த சோயா) இருக்கிறது, 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம் புரதம். ஒருவேளைச் சாப்பாடு மட்டும் என்றால் காலடியும் மூச்சும் போதும், மோதும் பயிற்சி வேண்டாம். காவடி எடுப்பவர் அந்த வாரம் தோளுக்கு ஓய்வு கொடுக்கட்டும்.

எஸ்.பி.எம்., தீபாவளி, வேலைமாற்றம் என்று இரண்டு மாதம் விட்டுப்போச்சு. மறுபடி முதலிலிருந்தா?

இல்லை. முதல் வாரம் பழைய எண்ணிக்கையில் பாதி, இரண்டாம் வாரம் முக்கால், மூன்றாம் வாரம் முழுசு. மோதுவது நான்காம் வாரம். விட்ட இடத்திலேயே நேராகப் புகுந்தால் மணிக்கட்டு ஞாபகப்படுத்தும். வகுப்பில் காரணம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். வரிசையில் நின்று அடுத்த எண்ணில் சேர்ந்துகொள்ளுங்கள், கம்பு விழுந்தபோது செய்ததைப்போலவே.

இதை வைத்து வழிப்பறிக்காரனைச் சமாளிக்க முடியுமா? கம்பைக் காரில் வைத்திருக்கலாமா?

கத்தியோ மோட்டார்சைக்கிளோ உள்ளவனிடம் பையைக் கொடுத்துவிடுங்கள். பயிற்சி அங்கே தருவது தூரத்தைக் கணிக்கும் கண்ணும், உறைந்து நிற்காமல் நகரும் காலும்தான். தற்காப்பு உரிமை தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. தேவைக்கு மேல் காயப்படுத்த அது இடம் தராது.

வகுப்புக்குப் போய்வரும்போது கம்பை உறையில் போட்டுப் பின்பெட்டியில் வையுங்கள், சீருடையும் கூட இருக்கட்டும். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் 'எதற்கும் இருக்கட்டும்' என்று வைத்தால் அது விளையாட்டுப் பொருள் என்று போலீஸிடம் சொல்வது கடினம். வாள், மடு (மான்கொம்பு ஆயுதம்), சுருள்வாள் போன்ற கூர்மையானவற்றை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது 1958ஆம் ஆண்டின் ஆபத்தான ஆயுதங்கள் பற்றிய சட்டத்தில் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அவை சங்கத்தின் பொறுப்பில் பூட்டி இருக்கட்டும். இன்னொன்று: நிகழ்ச்சி முடிந்த களைப்பில் கம்பை மூன்று நாள் பின்பெட்டியிலேயே மறந்துவிடாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் ரோத்தான் காய்ந்து கோணிவிடும், அப்புறம் ஆவி காட்டி நிமிர்த்த வேண்டியதுதான்.